தண்ணீர் எங்கே போகிறது?

 

பிள்ளைகளைப் பிரிட்டனில் குடியமர்த்தியிருக்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் இன்று ஏராளம். குளிர்காலம் பிறந்துவிட்டால், ஊரிலிருந்து பேசும் பெற்றோர் நலம் விசாரித்த கையோடு கேட்கும் கேள்வி, "வீட்டில் சூடு இருக்கிறதா?" என்பதுதான். டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் உதிக்கவே காலை எட்டு மணி தாண்டிவிடும். சுபுஹுத் தொழுகைக்கு எழும் நேரத்தில் வெளியே நள்ளிரவைப் போன்ற இருளும் குளிரும் நிலவும். அந்த வேளையில் கைக்குழந்தைக்கும் வயதான உம்மாவுக்கும் அறையில் வெதுவெதுப்பைத் தருவது, அடுக்களை அலமாரிக்குள் அடங்கியிருக்கும் ஒரு பாய்லர்தான்.

அந்தப் பாய்லரின் முகப்பில் சிறியதோர் அழுத்தமானி இருக்கும். சிலவற்றில் முள்ளாகவும், புதியவற்றில் எண்ணாகவும் அது தென்படும். நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: "முள் கீழே இறங்கிவிடுகிறது. குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பினால் ஏறுகிறது. நான்கு நாள் கழித்து மறுபடியும் இறங்குகிறது." இப்படியே மாதக்கணக்கில் நிரப்பிக்கொண்டு காலம் தள்ளுவோர் பலர். நிரப்புவது நோயைத் தீர்க்காது. நோயைச் சொல்லும் வாயைத்தான் அடைக்கும். இந்த ஒரு செய்தியை உங்கள் உள்ளத்தில் பதிய வைப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மூடிய வட்டம்

நம் ஊர்களில் பாய்லர் என்றவுடன் நினைவுக்கு வருவது செம்புப் பாய்லர். நடுக்குழலில் கரியோ சிரட்டையோ போட்டு எரிப்போம். வெந்நீரை எடுக்க எடுக்க, மேல்வாய் வழியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்போம். அங்கே தண்ணீர் குறைவது இயல்பு.

குளிர்நாட்டு வீட்டைச் சூடேற்றும் பாய்லரின் கதை வேறு. எரிவாயுச் சுடர் நீரைச் சூடாக்குகிறது. ஒரு பம்பு அந்நீரைக் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. வெப்பத்தைக் கொடுத்துவிட்டு அதே நீர் பாய்லருக்குத் திரும்புகிறது. குளிக்கவும் ஒளுச் செய்யவும் நாம் திறக்கும் வெந்நீர் இதனோடு கலப்பதில்லை. அது தனிப் பாதையில் வந்து, இடையில் உள்ள உலோகத் தகடுகளின் வழியே வெப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்கிறது. ஆகவே ரேடியேட்டரில் ஓடும் நீர் மூடிய ஒரு வட்டத்துக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அது குறைகிறது என்றால், எங்கோ ஒரு வழியில் வெளியேறியிருக்கிறது என்று பொருள். பெட்டியில் பூட்டி வைத்த பணம் குறைந்தால், "குறைந்துவிட்டது" என்று சொல்லிக் கைப்பணத்தை அதில் போடுவோமா? யார் எடுத்தது என்றல்லவா முதலில் கேட்போம்!

பழைய வீடுகள் சிலவற்றில் வேறு முறை இருக்கும். பரணில் ஒரு சிறு தொட்டி, அதில் மிதவை வால்வு. வட்டத்தில் நீர் கசிந்தால் தொட்டியிலிருந்து தானாக இறங்கி நிரம்பிவிடும். இதனால் கசிவு இருப்பதே பல ஆண்டுகள் தெரியாமல் போவதுண்டு. மூடிய முறையில் அந்த மறைப்பு இல்லை. முள் நமக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. அது தொல்லை தருவதாகத் தோன்றினாலும் உண்மையில் உபகாரமே.

முள் சொல்லும் கணக்கு

அழுத்தத்தைப் 'பார்' என்னும் அலகால் அளக்கிறார்கள். 1 பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம். பாய்லர் அணைந்து, நீர் நன்றாக ஆறியிருக்கும் வேளையில், சாதாரண வீட்டில் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். சூடேறியதும் அது 2 பார் அளவுக்கு ஏறுவதில் தவறில்லை. 0.5 பாருக்கு அருகில் இறங்கிவிட்டால் பெரும்பாலான பாய்லர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நின்றுவிடும். 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து, நீரை வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும்.

சூடேறும்போது முள் ஏன் ஏறுகிறது? சூட்டில் நீர் விரிகிறது. 100 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கினால், ஏறத்தாழ 3 லிட்டர் அதிகமாகிறது. மூடிய வட்டத்தில் அந்த 3 லிட்டருக்கு இடம் வேண்டுமல்லவா? அதற்கென்றே விரிவுக் கலம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். இரும்பாலான அந்தக் கலத்தின் நடுவே ரப்பர்ச் சவ்வு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கம் காற்று அல்லது நைட்ரஜன். மறுபக்கம் வட்டத்து நீர். நீர் விரியும்போது சவ்வைத் தள்ளிக் காற்றை அமுக்கும். ஆறும்போது காற்று நீரைத் திரும்பத் தள்ளும். கார்ச் சக்கரத்தில் உள்ளது போன்ற காற்று வால்வும் அதில் இருக்கும். சக்கரத்தில் காற்று இறங்குவது போலவே, சில ஆண்டுகளில் இதிலும் இறங்கிவிடும். நம் தேடலில் இக்கலம் முக்கியமான ஒரு சாட்சி.

நிரப்பிக்கொண்டே இருந்தால் என்ன?

"கொஞ்சம் தண்ணீர்தானே, நிரப்பினால் போயிற்று" என்று நினைப்போர் உண்டு. வட்டத்துக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றும் பழைய நீரில், கரைந்திருந்த ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து தீர்ந்துபோயிருக்கும். அதன்பின் துரு பிடிப்பதும் பெருமளவு நின்றுவிடும். புதுத் தண்ணீரை விடும்போதெல்லாம் புது ஆக்சிஜனையும் சேர்த்தே உள்ளே விடுகிறோம். இரும்பு ரேடியேட்டர்கள் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகின்றன. அரித்த இரும்பு கறுப்புச் சேறாக அடியில் படிகிறது. ரேடியேட்டரின் மேற்பகுதி சுட, அடிப்பகுதி குளிர்ந்து கிடந்தால் சேறு சேர்ந்துவிட்டது என்று அறியலாம். அச்சேறு பம்பையும் பாய்லரின் வெப்பமாற்றியையும் அடைக்கும். அரிப்பினால் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகி, ரேடியேட்டரின் தலைப்பகுதியில் சேரும்.

துருவைத் தடுக்க வட்டத்து நீரில் ஒரு வேதிமருந்து கலந்திருப்பார்கள். கசிந்து கசிந்து நிரப்பும்போது அம்மருந்தும் நீர்த்துப்போகிறது. லண்டன் போன்ற கடினநீர்ப் பகுதிகளில் ஒவ்வொரு நிரப்பலும் சிறிது சுண்ணாம்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆக, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது வீண்வேலை மட்டுமன்று. இங்கே அது பானையையே தின்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ சிறிது நிரப்ப நேர்வது இயல்பு. மாதந்தோறும், வாரந்தோறும் என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தேடலுக்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். முள்ளை நாளைக்கு இருமுறை பார்த்து எழுதுங்கள். சுபுஹு வேளையில், சூடேறத் தொடங்கும் முன் ஒருமுறை. இஷாவுக்குப் பின், ரேடியேட்டர்கள் நன்றாகச் சுடும்போது ஒருமுறை. இல்லத்தரசிகளுக்கு இது ஒரு நிமிட வேலை. ஒரு வாரக் கணக்கு கையில் இருந்தால், வரும் தொழிலாளி அரை நாளில் கண்டுபிடிப்பதை அரை மணியில் கண்டுபிடிக்கலாம்.

ஆறிய நிலையிலும் சுடும் நிலையிலும் எண்கள் அதிகம் மாறாமல், நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தால், எங்கோ ஒரு மெல்லிய கசிவு இருக்கிறது. ஆறிய நிலையில் 1.3 நின்று, சூடேறியதும் 2.8, 2.9 என்று தாவினால், விரிவுக் கலத்தில் காற்று இல்லை. ரேடியேட்டரில் காற்றுத் திறந்துவிட்ட மறுநிமிடமே முள் இறங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. வெளியேறிய காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டது, அவ்வளவே. ஒருமுறை நிரப்பினால் சரியாகிவிடும்.

நீர் தப்பும் வழிகள்

மூடிய வட்டத்திலிருந்து நீர் தப்பும் வழிகள் நான்கு.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் இணைப்புகள். ரேடியேட்டரின் இருபுறமும் உள்ள வால்வுகளே அதிகம் கசிபவை. சூடான வால்வில் கசியும் துளி கீழே விழுமுன் ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாது. அது விட்டுச்செல்லும் தடம்தான் தெரியும். வெள்ளைப் பொரிவு, செம்பில் பச்சைக்கறை, தரைவிரிப்பில் துருநிறம் ஆகியவையே அத்தடங்கள். உலர்ந்த மெல்லிய தாளால் ஒவ்வோர் இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தாள் காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டர் ஆறியிருக்கும்போது பார்ப்பது நலம்.

இரண்டாவது, பாதுகாப்பு வால்வின் வெளிக்குழாய். பாய்லர் இருக்கும் சுவரின் வெளிப்புறத்தில், சுவரை நோக்கி வளைந்த சிறு செம்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் துளி நின்றாலோ, கீழே சுவர் நனைந்திருந்தாலோ அவ்வழியே நீர் போகிறது. பாய்லர் ஆறியிருக்கும்போது அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டி வைத்தால், மறுநாள் பையில் நீர் சேர்ந்திருப்பதைக் காணலாம். குழாயின் வாயை ஒருபோதும் அடைத்துவிடலாகாது. அது உயிர் காக்கும் வழி. அதிலிருந்து கொதிநீர் பீறிடக்கூடும் என்பதால் குழந்தைகளை அருகில் விடவும் கூடாது.

வெளிச்சுவரில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் இருக்கலாம். 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் நீங்கலாக, புகையில் உள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிக் குளிர்ந்த நீர் அந்தப் பிளாஸ்டிக் குழாய் வழியே வடிவது இயல்பே. அது கசிவு அன்று. 2010 டிசம்பரில் அடித்த கடுங்குளிரில் இக்குழாய்கள் உறைந்து, எத்தனையோ வீடுகளில் பாய்லர்கள் நின்றுபோயின. அப்போது வெதுவெதுப்பான நீரைக் குழாயின் மேல் ஊற்றி உருக்கலாம், கொதிநீர் கூடாது.

மூன்றாவது, பாய்லரின் உட்புறம். வெப்பமாற்றியில் நுண்ணிய பிளவு ஏற்பட்டால் நீர் அந்தப் பிளாஸ்டிக் வடிகுழாயோடு கலந்து, தடமே தெரியாமல் போய்விடும். தொழிலாளி பாய்லரின் போக்கு, வரவுக் குழாய்களின் வால்வுகளை மூடி, ஓர் இரவு விட்டுப் பார்ப்பார். பாய்லர் வட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நிலையிலும் முள் இறங்கினால் குற்றம் பாய்லருக்குள். இறங்காவிட்டால் குழாய்களில் அல்லது ரேடியேட்டர்களில். எளிய சோதனைதான், ஆனால் வீண்செலவைத் தடுக்கும் சோதனை.

நான்காவது, தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள். சிமெண்டுத் தளத்தில் பாதுகாப்பு உறையின்றிப் பதித்த செம்புக் குழாயை அச்சிமெண்டே நாளடைவில் அரித்துவிடும். மற்ற மூன்று வழிகளையும் பார்த்து முடித்த பின்னரே தரையைத் தோண்டுவது பற்றிப் பேச வேண்டும். வீட்டுக் காப்பீடு இருந்தால், கசிவைத் தேடித் தோண்டும் செலவும் அதில் அடங்குமா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பலருடைய பத்திரத்தில் அது இருக்கும். இருப்பது அவர்களுக்கே தெரியாது.

எங்கள் வீட்டில் கண்டது

இவற்றை ஏட்டில் படித்ததோடு நான் எழுதவில்லை. 2024 ஜனவரியில் எங்கள் வீட்டு முள் இறங்கியது. அப்போது காயல்பட்டினத்திலிருந்து என் உம்மா எங்களோடு தங்க வந்திருந்தார்கள். வயது 74.

முதலில் வந்த தொழிலாளி பத்து நிமிடம் இருந்தார். தண்ணீரை நிரப்பினார்; "சரியாகிவிட்டது" என்றார்; கூலியைப் பெற்றுக்கொண்டு போனார். நான்காம் நாள் முள் 0.6இல் நின்றது. அன்று முதல் நானும் என் கணவரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினோம். ஆறிய நிலையில் 1.3, சூடேறியதும் 2.9. மூன்று நாளும் இதே தாவல். வெளிக்குழாயில் கட்டிய பையில் மறுநாள் காலை அரைக் குவளை நீர் இருந்தது.

அந்தத் தாளைப் பார்த்த இரண்டாவது தொழிலாளி, வேறெதையும் தொடாமல் நேரே விரிவுக் கலத்துக்குப் போனார். அதன் காற்று வால்வை அழுத்தினார். காற்றும் வரவில்லை, நீரும் வரவில்லை. நீர் வந்திருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். கலத்தையே மாற்ற வேண்டியிருக்கும். எங்கள் கலத்தில் காற்று தீர்ந்திருந்தது, அவ்வளவே. வட்டத்து அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கலத்துக்குக் காற்றேற்றினார். பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறந்ததால் அதன் இருக்கையில் அழுக்குப் படிந்து முழுதும் மூடாமல் போயிருந்தது, அதையும் மாற்றினார். அன்றிரவு சூடேறிய நிலையில் முள் 1.7ஐத் தாண்டவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

ஆயினும் நோட்டுப் புத்தகத்தை நிறுத்தவில்லை. ஆறிய நிலையில் 1.3 இருந்தது இரண்டு நாளில் 1.2 ஆயிற்று, பிறகு 1.1. பெரிய ஓட்டை அடைபட்டதால் சிறிய ஓட்டை தெரியத் தொடங்கியது. தாளை எடுத்துக்கொண்டு கூடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ரேடியேட்டராக ஒற்றிக்கொண்டு போனேன். கீழே எங்கும் ஈரமில்லை. மாடியில் எங்கள் அறையிலும் இல்லை. எஞ்சியது உம்மா தங்கியிருந்த பின்னறை.

அங்கே ரேடியேட்டரின் ஓரத்தில், மடித்த துணி ஒன்றை விலக்கியபோது, வால்வுக்கு அடியில் காலியான பால்மாவு டப்பா ஒன்று இருந்தது. அதில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுத்த நீர். ரேடியேட்டரின் கைப்பிடியோ முழுவதும் மூடியிருந்தது. அறை குளிர்ந்து கிடந்தது. கட்டிலில் இரண்டு கம்பளிகளும் அவற்றின் மேல் ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வையும்.

"எத்தனை நாளாக, உம்மா?" என்றேன்.

"ஐந்தாறு நாள் இருக்கும். சொட்டுச் சொட்டாக விழுந்தது. பூட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. டப்பாவை வைத்துக் காலையில் ஊற்றிவிடுவேன். வந்த ஆள் கேட்ட கூலியை நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டேன். இதை வேறு சொல்லி உங்களுக்கு ஏன் வீண்செலவு என்றுதான், மகளே..." என்றார்கள்.

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. முதியவர்கள் இருக்கும் அறையில் குறைந்தது 18 டிகிரி சூடு இருக்க வேண்டும் என்று பிரிட்டன் சுகாதாரத் துறை ஒவ்வொரு குளிர்காலத்திலும் அறிவுறுத்துகிறது. குளிரால் இரத்த அழுத்தம் கூடும். மாரடைப்பும் நெஞ்சுச் சளியும் முதியோரைத் தாக்குவது இக்காலத்தில்தான். எங்களுக்குச் செலவாகக் கூடாது என்பதற்காக அந்த அறையில் அவர்கள் ஐந்தாறு இரவுகள் குளிரில் படுத்திருக்கிறார்கள். வால்வைக் குழாயோடு இணைக்கும் மரை சற்றுத் தளர்ந்திருந்தது, அதுவே குற்றம். என் கணவர் சாவிக்குறடால் அதைக் கால் சுற்று இறுக்கினார். தாள் ஈரமாகவில்லை. ரேடியேட்டரைத் திறந்துவிட்டோம். அரை மணியில் அறை சூடாயிற்று. அந்தக் கால் சுற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

அதன்பின் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆறிய நிலையில் முள் 1.3ஐ விட்டு அசையவில்லை.

முள் ஏறினால்?

இறங்குவதைப் போலவே, யாரும் நிரப்பாமல் முள் தானாக ஏறிக்கொண்டே போவதும் உண்டு. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. நிரப்பும் வால்வு முழுதும் மூடாமல், ஊர்க்குழாய்த் தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம். நிரப்பிய பின் இருமுனை வால்வுகளையும் மூடி, இடையில் உள்ள வளைகுழாயைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது விதி. அப்படிச் செய்தால் இந்த ஐயம் நீங்கும். அதற்குப் பிறகும் ஏறினால், குளிக்கும் வெந்நீருக்கும் வட்டத்து நீருக்கும் இடையிலுள்ள தகட்டில் துளை விழுந்திருக்கக்கூடும். ஊர்க்குழாயின் அழுத்தம் அதிகமாதலால் அந்நீர் வட்டத்துக்குள் நுழைகிறது. இதைத் தொழிலாளிதான் மாற்ற வேண்டும்.

கை வைக்கும் எல்லை

எதை நாம் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதில் தெளிவு வேண்டும். முள்ளைப் பார்ப்பது, குறிப்பெழுதுவது, பாய்லர் ஆறிய பின் வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ளபடி நிரப்புவது, ரேடியேட்டரில் காற்றுத் திறந்துவிடுவது, இணைப்புகளை ஒற்றிப் பார்ப்பது ஆகியவை நம் வேலை. பாய்லரின் மூடியைக் கழற்றுவது நம் வேலையன்று. எரிவாயுவோடு தொடர்புள்ள வேலையைச் செய்வோர் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். 2009 ஏப்ரலில் பழைய 'கார்கி' பதிவுக்குப் பதிலாக இது வந்தது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு, எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு என்று அதன் பின்புறத்தில் படித்துப் பாருங்கள். "நம் ஆள், பாதி விலைக்குச் செய்கிறார்" என்ற சொல்லுக்கு இவ்விஷயத்தில் மயங்காதீர்கள்.

நீரழுத்தம் இறங்குவதும் எரிவாயு கசிவதும் ஒன்றல்ல. முள் இறங்கியதால் நஞ்சுவாயு வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சுவாயு நிறமும் மணமும் அற்றது. அதை எந்த முள்ளும் காட்டாது. பாய்லர் இருக்கும் அறையில் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று இருக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று வந்து, வெளியே போனால் தெளிந்தால், உடனே பாய்லரை அணைத்துக் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். எரிவாயு மணம் வந்தால் மின்விசைகளைத் தொடாமல் வெளியேறி 0800 111 999 என்ற இலவச எண்ணை அழையுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முழுமைக்கும் அது பொது.

வாடகை வீட்டில் இருக்கும் நம் இளைஞர்களுக்கும் புதுக்குடும்பங்களுக்கும் ஒரு சொல். 1985ஆம் ஆண்டின் வீட்டுடைமையாளர் வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீடுகளில் சூடேற்றும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை உடைமையாளர் மீது சுமத்தியிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள்படி, அவர் ஆண்டுதோறும் எரிவாயுச் சாதனங்களைச் சோதித்து, அச்சான்றின் நகலை உங்களிடம் தர வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல், இங்கிலாந்தில் பாய்லர் பொருத்தப்பட்ட, மனிதர் புழங்கும் அறையில் நஞ்சுவாயு எச்சரிக்கைக் கருவி வைப்பதும் அவர் கடமை. முள் இறங்குவதை எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்களே நிரப்பி நிரப்பி மறைத்துவிட்டால், பின்னர் அமைப்பே பழுதாகும்போது உங்களிடம் சான்று ஏதும் இராது.

குளிர்காலத்தில் உம்ராவுக்கோ ஊருக்கோ புறப்படுவோர், முள் நிற்கும் எண்ணைக் குறித்து வைத்துச் செல்லுங்கள். பாய்லரை முழுவதும் அணைத்துவிடாமல் உறைபனிக் காப்பு நிலையில் விட்டுச் செல்வது நலம். இல்லாவிடில் குழாய்கள் உறைந்து வெடிக்கக்கூடும். திரும்பி வந்ததும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

வீட்டாரையும் கேளுங்கள்

சகோதரிகளே! ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். கண்ணுக்குத் தெரிந்து வழியும் நீரை நாம் உடனே நிறுத்திவிடுகிறோம். தெரியாமல் கசிவதைத் தேடி நிறுத்துவதும் அதே கடமையைச் சேர்ந்ததே. அந்த நீரோடு பணமும், எரிவாயுவும், நமக்கு அமானிதமாகக் கிடைத்த வீட்டின் ஆயுளும் சேர்ந்து வடிகின்றன.

இன்னொன்றையும் எழுத வேண்டும். நம் வீட்டு முதியவர்கள் தங்கள் சிரமத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற தயக்கம் அவர்களுக்கு. பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டில் பிள்ளைகளோடு தங்கியிருப்போரிடம் அத்தயக்கம் இருமடங்கு. "சூடு போதுமா?" என்று கேட்டால், "போதும்" என்றே பதில் வரும். கேட்பதோடு நில்லாமல் அவர்கள் அறைக்குள் போய் ரேடியேட்டரின் மேல் கை வைத்துப் பாருங்கள். பாய்லர் செலவையும் மின்கட்டணத்தையும் பற்றிய பேச்சை அவர்கள் காதில் விழாத இடத்தில் பேசிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுகளில் எதைக் குறைத்தாலும் அவர்களுடைய அறையின் வெப்பத்தைக் குறைக்க மாட்டோம் என்பதை அவர்கள் நம்பும்படி சொல்லிவையுங்கள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஊர்ப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் பேசும்போது, "சூடு இருக்கிறதா?" என்று கேட்பதோடு, "முள் எத்தனையில் நிற்கிறது?" என்றும் கேளுங்கள். நேற்றும் இன்றும் ஒரே எண்ணைச் சொன்னால் நிம்மதி. எண் குறைந்துகொண்டே வந்தால், "நிரப்பிவிட்டேன்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். "தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவரின் இல்லங்களையும் ஆபத்துகளிலிருந்து காத்து, நம் பெற்றோரைக் குறைவின்றிப் பேணும் நற்பேற்றைத் தந்தருள்வானாக! ஆமீன்.